காப்சாய் கூட்டத்தோடு கடலோரம் சுற்றி கேமரன் மலை: சுங்கை சிப்புட்டிலிருந்து மூன்று நாள் பயணத்தை வழிநடத்துவது எப்படி

கூட்டமாக மோட்டாரில், அதிலும் காப்சாய் எனப்படும் சின்ன மோட்டார் சைக்கிள்களில், கேமரன் மலைக்குக் கிளம்புகிறவர்கள், இருப்பதிலேயே பெரிய மோட்டார் வைத்திருப்பவரை முன்னால் விட்டுவிடுவார்கள். பயணம் கெடத் தொடங்குவது அங்கேதான். வழிநடத்துகிறவர் திட்டம் போட வேண்டியது பலம் குறைந்த மோட்டாருக்காக. நான்கு லிட்டர் டேங்க் கொண்ட பழைய இ.எக்ஸ் 5, இன்னும் 'பி' (P, புதிய ஓட்டுநருக்கான தற்காலிக) லைசன்ஸில் இருக்கும் தம்பி, பின்னால் மனைவியை ஏற்றி வரும் அண்ணன் என்று எந்தக் கூட்டத்திலும் நாலு பேர் இருப்பார்கள். எவ்வளவு வேகம், எங்கே பெட்ரோல், எந்தச் சாலையில் ஏறி எதில் இறங்குவது என்பதெல்லாம் அவர்களை வைத்து முடிவாக வேண்டும். ஆர்.எஸ் மாதிரி வேகமான மோட்டார் வைத்திருப்பவருக்கு அலுப்புத் தட்டினால் தட்டட்டும்.

சுற்றும் திசை

மலேசியாவின் பேராக்கில் உள்ள சுங்கை சிப்புட்டிலிருந்து மலைக்கு நேர்வழி ஈப்போ, சிம்பாங் பூலாய் வழியாகத்தான். அதனால் பலர் முதலில் மலை ஏறி, தாப்பா பக்கம் இறங்கி, கடலோரம் சுற்றி வீடு திரும்புகிறார்கள். இதைத் தலைகீழாகச் செய்வது நல்லது: முதல் நாள் கோலகங்சார், சங்காட் ஜெரிங், பந்தாய் ரெமிஸ் வழியாக லுமுட். இரண்டாம் நாள் சித்தியவான், தெலுக் இந்தான், பீடோர், தாப்பா வழியாக மலை ஏறி தானா ராத்தா. மூன்றாம் நாள் கம்போங் ராஜா, சிம்பாங் பூலாய், ஈப்போ வழியாக வீடு. மொத்தம் ஏறத்தாழ 450 கிலோமீட்டர்.

காரணம் இருக்கிறது. தாப்பாவிலிருந்து ரிங்லெட் போகும் 59ஆம் எண் சாலை பழையது, குறுகலானது, வளைவு முடியும் முன்பே அடுத்த வளைவு தொடங்கிவிடும். ஏறும்போது அது காப்சாய்க்குச் சாதகம்: ஆக்ஸிலேட்டரை விட்டாலே வேகம் விழுந்துவிடும், பிரேக்குக்கு வேலையே இல்லை. அதே சாலையில் இறங்கினால் 45 கிலோமீட்டருக்கு மேல் பிரேக் சூடாகிக்கொண்டே வரும், புதியவர் ஒவ்வொரு வளைவிலும் பயந்து பிரேக்கைப் பிடிப்பார். சிம்பாங் பூலாய் பக்கத்து 185ஆம் எண் சாலை அகலமானது, வளைவுகள் நீளமானவை. அதில் 110 சிசி மோட்டார் 40இல் முக்கி ஏறும்போது கார்கள் உரசுகிற மாதிரி பறந்து போகும். இறங்குவதற்கோ அது தாப்பா சாலையைவிட எவ்வளவோ மேல். இன்னொரு லாபம்: முதல் நாள் சமதரையில் ஓட்டுவதால், யார் எப்படி ஓட்டுகிறார், யார் கண்ணாடியே பார்ப்பதில்லை என்பதெல்லாம் மலைக்கு முன்பே தெரிந்துவிடும்.

பள்ளி விடுமுறை, தீபாவளி, சீனப் புத்தாண்டு வாரங்களில் போகவே வேண்டாம். திரிங்காப்பிலிருந்து பிரிஞ்சாங் வரை கார் வரிசை நகராது. வியாழன் கிளம்பி சனி திரும்பினால், சனிக்கிழமை மலை ஏறும் கூட்டம் உங்களுக்கு எதிர்ப்பக்கத்தில் இருக்கும். அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் ஏப்ரல் வாக்கிலும் பிற்பகல் மழை நிச்சயம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

எத்தனை பேர், யார் எங்கே

ஒரு குழுவுக்கு எட்டு மோட்டார் போதும். பன்னிரண்டு பேர் வந்தால் இரண்டு குழுவாகப் பிரித்து, பத்து நிமிட இடைவெளி விட்டு அனுப்புங்கள். நீண்ட வரிசையைக் கார்களால் முந்த முடியாது. முந்தப் பார்க்கிறவர் எதிரே லோரி வந்ததும் உங்கள் வரிசைக்குள்தான் நுழைவார்.

முன்னால் வழிகாட்டி. அவருக்கு நேர் பின்னால் கூட்டத்திலேயே பலம் குறைந்த மோட்டார் அல்லது புதியவர். கடைசியில் 'ஸ்வீப்பர்': கை தேர்ந்தவர், கருவிப் பை அவரிடம், எந்தக் காரணத்துக்காகவும் யாரையும் முந்த மாட்டார். புதியவரை நடுவிலோ கடைசியிலோ விட்டால், முன்னால் போகிறவர்களைப் பிடிக்கத் தன் திறமைக்கு மீறி விரட்டுவார். இந்த விரட்டல் வரிசையின் இயல்பிலேயே உண்டு. வழிகாட்டி ஒரு லோரியை முந்தி 70இல் போகிறார் என்றால், அடுத்தடுத்து முந்தி வருகிறவர்கள் இடைவெளியை மூட 80, 90 என்று ஏற்றிக்கொண்டே போக வேண்டியிருக்கும். அதனால் சந்திப்பு, சிக்னல் விளக்கு, லோரி எதைக் கடந்தாலும் வழிகாட்டி ஒரு கிலோமீட்டருக்கு வேகத்தைக் குறைத்து, ஸ்வீப்பரின் விளக்கு கண்ணாடியில் தெரிந்த பிறகே பழைய வேகத்துக்கு வர வேண்டும்.

சந்திப்புகளில் யாரும் வழி தவறாமல் இருக்க ஒரு முறை உண்டு. திரும்ப வேண்டிய இடத்தில் வழிகாட்டிக்கு அடுத்து வருகிறவர் ஓரமாக, எல்லார் கண்ணிலும் படும்படி நின்று கையைக் காட்டுவார். எல்லாரும் கடந்து ஸ்வீப்பர் வந்ததும் அவருக்கு முன்னால் சேர்ந்துகொள்வார். புதியவரை மட்டும் இப்படி நிறுத்தாதீர்கள், அந்தச் சந்திப்புக்கு முன் வேறொருவரை இரண்டாம் இடத்துக்கு அழைத்துக்கொள்ளுங்கள்.

நேர்ச்சாலையில் இடம், வலம் என்று மாற்றி மாற்றி ஓட்டலாம்: முன்னவர் தடத்தின் வலப்பாதியில், அடுத்தவர் இடப்பாதியில். நேர் முன்னால் போகிறவரோடு இரண்டு விநாடி இடைவெளி, மழையில் நான்கு. மலையில் இந்த அடுக்கைக் கலைத்து ஒற்றை வரிசையாகப் போங்கள். வளைவில் ஒவ்வொருவருக்கும் தடத்தின் முழு அகலமும் தேவை.

முந்துவது அவரவர் முடிவு. முன்னவர் 'வா' என்று கையசைத்தார் என்பதற்காக யாரும் வெளியே எடுக்கக் கூடாது. அவர் பார்த்த சாலை இரண்டு விநாடியில் மாறியிருக்கும். இதைக் கிளம்பும் முன் எல்லார் காதிலும் விழும்படி சொல்லுங்கள்.

பணம்: ஆளுக்கு 50 வெள்ளி பொதுப்பையில் போட்டு ஒருவர் கணக்கு வைத்துக்கொண்டால், சாப்பாட்டுக் கடையில் பில்லைப் பிரிக்க நேரம் போகாது. செலவைப் பங்கிடுவது வேறு, ஆள் சேர்த்து லாபத்துக்கு நடத்துவது வேறு. இரண்டாவதற்கு 1992ஆம் ஆண்டு சுற்றுலாத் தொழில் சட்டத்தின்படி உரிமம் வேண்டும். லைசன்ஸ், ரோட் டெக்ஸ், காப்புறுதி மூன்றும் செல்லுபடியாக இருக்கிறதா என்று ஒரு வாரம் முன்பே ஒவ்வொருவரிடமும் கேளுங்கள். 'பி2' (B2) லைசன்ஸ் 250 சிசி வரைதான். அண்ணனிடம் இரவல் வாங்கிய பெரிய மோட்டாருக்கு அது செல்லாது, விபத்து நடந்தால் காப்புறுதியும் கை விரிக்கும்.

மோட்டாரைத் தயார் செய்வது

பட்டறைக்குப் போக வேண்டியது ஒரு வாரம் முன்பு, முந்தின நாள் அல்ல. புது டயரின் மேல்தோல் வழவழப்பாக இருக்கும், 100 கிலோமீட்டராவது ஓடினால்தான் பிடிப்பு வரும். புது பிரேக் பேடும் டிஸ்க்கோடு தேய்ந்து ஒத்துப்போக அதே அளவு ஓட வேண்டும். முந்தின மாலை மாற்றிவிட்டு மறுநாள் மலை வளைவில் அதைச் சோதித்துப் பார்ப்பது சரியல்ல.

டயரில் பள்ளம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் சட்டப்படியே குற்றம். மழைக்கு அதுவும் போதாது, 2.5க்குக் கீழே இருந்தால் மாற்றிவிடுங்கள். அழகுக்காகப் போடும் ஒல்லி டயர், 'சோத்தோங்' என்று கிண்டல் செய்யப்படும் மலிவு டயர் இரண்டும் மலைக்கு ஆகாது. ஈரத்தில் சாய்க்கும்போது பிடிக்க அவற்றில் ரப்பரே இல்லை. சாதாரண காப்சாய்க்குக் காற்று முன்னால் 29 பி.எஸ்.ஐ, பின்னால் 33. ஆள் ஏற்றினால் பின்னால் 41 வரை. உங்கள் மாடலுக்கான அளவு செயின் மூடியிலோ பின்சக்கர அச்சு அருகிலோ ஸ்டிக்கரில் இருக்கும், அதையே பின்பற்றுங்கள். காற்றைக் காலையில் டயர் குளிர்ந்திருக்கும்போது அளக்க வேண்டும்.

பிரேக் பேடில் 2 மில்லிமீட்டருக்குக் குறைவாக மீந்திருந்தால் மாற்றுங்கள். டிரம் பிரேக்கில் நெம்புகோலின் அம்புக்குறி, பிரேக்கை அழுத்தும்போது டிரம்மில் உள்ள குறியைத் தொட்டுவிட்டால் ஷூ தேய்ந்துவிட்டது என்று பொருள். பலர் மறப்பது பிரேக் எண்ணெயை. அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். இரண்டு வருடம் ஆன எண்ணெய் நீண்ட இறக்கத்தில் சூடானால் உள்ளே இருக்கும் நீர் ஆவியாகிக் குமிழி கட்டும், பிரேக் பிடி பஞ்சு மாதிரி அமுங்கும், மோட்டார் நிற்காது. டாட் 3 அல்லது டாட் 4, டப்பா மூடியில் போட்டிருப்பது எதுவோ அதைப் புதிதாக ஊற்றி, காற்றை வெளியேற்றச் சொல்லுங்கள்.

செயின் தளர்வு 25 முதல் 35 மில்லிமீட்டர். சக்கரத்தைச் சுற்றிப் பார்த்து, எங்கே மிக இறுக்கமாக இருக்கிறதோ அங்கே அளந்து பாருங்கள். ஆள் ஏறினால் செயின் இன்னும் இறுகும். அதிகம் இறுக்கியிருந்தால் குழியில் விழும்போது பேரிங்கைத் தின்னும், அதிகம் தளர்ந்திருந்தால் இறக்கத்தில் கியர் குறைக்கும்போது பல்லிலிருந்து கழன்று சக்கரத்தைப் பூட்டிவிடும். ஸ்ப்ராக்கெட் பற்கள் ஒரு பக்கம் சாய்ந்து கூராகியிருந்தால் செயினோடு சேர்த்து மாற்ற வேண்டும், ஒன்றை மட்டும் மாற்றினால் மற்றது அதையும் கெடுக்கும்.

நடு ஸ்டாண்டில் நிறுத்தி முன்சக்கரத்தைப் பிடித்து இடவலமாக ஆட்டுங்கள். 'டொக் டொக்' என்றால் பேரிங். ஹேண்டிலை மெல்லத் திருப்பும்போது நடுவில் சிக்குவது போலிருந்தால் கழுத்துப் பேரிங் போய்விட்டது. அது சமதரையில் பெரிதாகத் தெரியாது, மலை வளைவில் மோட்டார் தன் இஷ்டத்துக்கு விழப் பார்க்கும்.

எஞ்சின் எண்ணெய் மாற்றி 1,500 கிலோமீட்டருக்கு மேல் ஆகியிருந்தால் மாற்றிவிட்டே கிளம்புங்கள். காப்சாய்க்கு 0.8 லிட்டர் அளவு பிடிக்கும். கார்புரேட்டர் மோட்டாரைப் பற்றி ஒரு வார்த்தை: தானா ராத்தா கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,440 மீட்டர். அங்கே காற்று அடர்த்தி குறைவதால் பெட்ரோல் கலவை மிகுந்து, இழுவை குறையும், பிளக் கறுக்கும். இஞ்செக்‌ஷன் மோட்டார் தானே சரி செய்துகொள்ளும். கார்புரேட்டரை மேலே போய்த் திருகிச் சரி செய்யாதீர்கள். திருகியதை மறந்து அப்படியே கீழே இறங்கினால் பெட்ரோல் பற்றாமல் எஞ்சின் கொதிக்கும். இரண்டு நாளைக்குக் கொஞ்சம் மந்தமாக ஓடினால் ஒன்றும் குடிமுழுகாது.

மூட்டை பின் பெட்டியில் 5 கிலோவுக்கு மேல் வேண்டாம். பின்னச்சுக்கு அப்பால் பாரம் தொங்கினால் செங்குத்தான வளைவில் முன்சக்கரம் லேசாகித் தரையை மேலோட்டமாகவே தொடும். கனமானதைக் கால்களுக்கு நடுவிலோ முன் கூடையிலோ வையுங்கள். பின்னால் ஆள் உட்காருவதானால் 150 சிசி மோட்டாரில் உட்காரட்டும்.

கையோடு எடுக்க வேண்டியவை

ஸ்வீப்பரின் பையில்: 17 அங்குல டியூப் முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்று. டயர் நெம்பும் இரும்பு இரண்டு, கைப்பம்பு, டியூப் இல்லாத டயருக்கான ரப்பர் திரி செட். 8 முதல் 19 வரை ஸ்பேனர், பிளக் கழற்றும் குழாய், இரண்டு மூன்று வகை பிளக், செயின் இணைப்புக் கண்ணி, ஃபியூஸ், கேபிள் டை, கறுப்பு டேப், கம்பி. கிளட்ச் உள்ள வை 15, ஆர்.எஸ் வந்தால் கிளட்ச் கேபிள் ஒன்று. முதலுதவிப் பெட்டியில் பெரிய கட்டுத்துணிகளும் கத்தரிக்கோலும் இருக்கட்டும், சின்ன பிளாஸ்டர் மட்டும் போதாது.

மழைக்கு மேல்சட்டை, கால்சட்டை என்று தனித்தனியாக உள்ள கோட். போஞ்சோ வேண்டவே வேண்டாம், காற்றில் பறந்து செயினில் சிக்கினால் ஆளையே இழுத்துவிடும். சிலிப்பர் போட்டு வந்தால் திருப்பி அனுப்பிவிடுங்கள். தோட்டத்தில் எல்லாரும் போடும் 'அடிடாஸ் கம்போங்' ரப்பர் சப்பாத்து ஈரத்தில் நன்றாகப் பிடிக்கும், கழுவினால் காய்ந்துவிடும், ஆனால் கணுக்காலைக் காக்காது, புகைக்குழாயில் பட்டால் உருகும். கணுக்கால் மூடிய சப்பாத்துதான் சரி. ஹெல்மெட்டில் சிரிம் (SIRIM) தர முத்திரை, கறுப்புக் கண்ணாடி இல்லாத விசர். கேமரன் இரவில் 15 பாகைக்கு இறங்கலாம், ஒரு ஸ்வெட்டர் போதும். மானிய விலை பெட்ரோலுக்கு மைகார்டு அடையாள அட்டை.

கிளம்பும் காலை பூசை போட்டு எலுமிச்சம்பழம் நசுக்குகிறவர்கள் தாராளமாகச் செய்யலாம். தேங்காயை மட்டும் மோட்டார் நிற்கும் இடத்தில் உடைக்காதீர்கள், அந்தச் சில் டயரில் ஏறும்.

முதல் நாள்: கடலோரம்

கோலகங்சார் தாண்டி பாடாங் ரெங்காஸ், அங்கிருந்து புக்கிட் பெராபிட் வழியாகச் செல்லும் 1ஆம் எண் பழைய சாலை. நெடுஞ்சாலையில் போனால் இந்த வளைவுகள் கிடைக்காது. மலைக்கு முன் ஒரு சின்ன ஒத்திகை இது. சங்காட் ஜெரிங்கில் இடது திரும்பி 60ஆம் எண் சாலை, பிறகு திரோங், பந்தாய் ரெமிஸ், செகாரி, டாமார் லாவுட். டிண்டிங் ஆற்றுப் பாலத்தைத் தாண்டினால் லுமுட் பக்கம்தான். பாலத்தின் மேல் பக்கக் காற்று அடிக்கும், ஹேண்டிலை இறுக்கிப் பிடிக்காமல் உடம்பைத் தாழ்த்தி ஓட்டுங்கள்.

கடலோரச் சாலை என்று பெயரே தவிர, பெரும்பகுதியில் கடல் தெரியாது, செம்பனைதான் தெரியும். கடல் வேண்டுமென்றால் சாலையை விட்டு இறங்க வேண்டும்: செகாரி பக்கம் தெலுக் செனாங்கின், லுமுட்டை அடுத்து தெலுக் பாத்தேக். பந்தாய் ரெமிஸ் அருகே 1993இல் கைவிடப்பட்ட ஈயச் சுரங்கம் ஒன்று சரிந்து கடல் உள்ளே புகுந்தது, அந்த இடம் இப்போது ஒரு சிறு குடா. மணலில் மோட்டாரை நிறுத்தினால் ஸ்டாண்டின் கீழே நசுக்கிய டின் அல்லது தட்டைக் கல் வையுங்கள்.

இந்தச் சாலைகளின் ஆபத்து நேராக இருப்பதுதான். கை தானாகவே முறுக்கும். சாலையின் கீழே மென்மையான களிமண், மேலே பாரம் ஏற்றிய செம்பனை லோரி, அதனால் தார் அலை அலையாக அமுங்கியிருக்கும். 90இல் அந்த அலையில் ஏறினால் காப்சாயின் பின்சக்கரம் தரையை விட்டு எழும்பும். இ.எக்ஸ் 5 இருக்கும் குழுவுக்கு 70 போதும். தோட்ட வாசல்களில் லோரி டயர் இழுத்து வந்த செம்மண் கிடக்கும், மழை தொடங்கிய முதல் கால் மணி நேரம் அது சோப்பு மாதிரி வழுக்கும். குலை ஏற்றிய லோரிக்குப் பின்னால் ஒட்டிப் போகாதீர்கள், குலை உருண்டு விழும். சாலையோரம் விழுந்த மட்டையின் முள் டியூபுக்குள் ஊசியாக இறங்கும், பஞ்சர் ஒட்டும்போது டயரின் உட்பக்கத்தை விரலால் மெதுவாகத் தடவி முள்ளை எடுத்த பிறகே புது டியூப் போட வேண்டும். இல்லாவிட்டால் இரண்டாவது டியூபும் அரை மணியில் போய்விடும். மாலை ஆறரைக்குப் பிறகு ஓட்டாதீர்கள்: சூடான தாரில் மாடுகள் படுத்துக்கொள்ளும், கறுப்பு மாடு விளக்கில்கூடத் தெரியாது.

இரண்டாம் நாள்: தாப்பா ஏற்றம்

மலை மழை பெரும்பாலும் பிற்பகலில்தான் பிடிக்கும். அதற்கு முன் தானா ராத்தா சேர வேண்டுமென்றால் தாப்பாவை 11 மணிக்குள் பிடிக்க வேண்டும். லுமுட்டில் விடிந்ததும், ஏழே காலுக்குக் கிளம்புங்கள். 5ஆம் எண் சாலையில் தெலுக் இந்தான், அங்கே 1885இல் கட்டிய சாய்ந்த கோபுரத்தின் பக்கம் பசியாறலாம். ரொட்டி சானாய் இரண்டோடு நிறுத்திக்கொள்ளச் சொல்லுங்கள், வயிறு நிறைந்தால் வளைவில் தூக்கம் வரும். பிறகு 58இல் பீடோர், 1இல் தாப்பா. கொய்யா, கோழி பிஸ்கட் எல்லாம் பீடோரில் வாங்க ஆசை வரும், ஆனால் அதைச் சுமந்துகொண்டு மலை ஏற வேண்டியிருக்கும்.

தாப்பாவில் எல்லா டேங்கும் முழுதாக நிரம்ப வேண்டும், 'பாதி இருக்கு அண்ணே' என்பதைக் கேட்காதீர்கள். சமதரையில் லிட்டருக்கு 45 கிலோமீட்டர் ஓடுகிற மோட்டார் ஏற்றத்தில் 35தான் கொடுக்கும். மழைக்கோட்டைப் பெட்டியின் மேலாக எடுத்து வையுங்கள். இருபது நிமிடம் ஓய்வு.

ஏற்றத்தில் கற்றுத் தர வேண்டியது கியர்தான். வளைவுக்கு முன் நேராக இருக்கும்போதே இரண்டுக்கோ மூன்றுக்கோ குறைத்துவிட்டு, ஒரே சீரான முறுக்கில் வளைவைக் கடக்க வேண்டும். சாய்ந்திருக்கும்போது கியர் குறைத்தால் பின்சக்கரம் வெடுக்கென்று இழுக்கும். கிளட்ச் பிடி இல்லாத காப்சாயில் கியர் பெடலை அழுத்தியிருக்கும் வரை கிளட்ச் பிரிந்திருக்கும். அதனால் மிதித்ததும் காலை எடுத்துவிடாமல், கொஞ்சம் முறுக்கிக்கொண்டே பெடலை மெல்ல விடச் சொல்லுங்கள், குலுங்காது.

நம் ஊரில் இடப்பக்கம் ஓட்டுவதால், வலது வளைவில் தடத்தின் இடப்பாதியிலிருந்து நுழைய வேண்டும். நடுக்கோட்டை ஒட்டிச் சாய்ந்தால் சக்கரம் நம் பக்கமும் தலை எதிர்ப்பக்கமுமாக இருக்கும், எதிரே வரும் காய்கறி லோரிக்கு அந்த இடம் தேவைப்படும். இடது வளைவில் முன்கூட்டியே அதிகம் சாய்ந்துவிட்டால் வெளியேறும்போது நடுக்கோட்டைத் தாண்டித் தள்ளும், பொறுத்துத் திரும்புங்கள். ஓரத்துக்கும் போகாதீர்கள், நிழலில் பாசி, சருகு, பல இடங்களில் மூடாத கான்கிரீட் வாய்க்கால். மறைவளைவில் ஹார்ன் ஒரு தட்டு தட்டுவது இந்தச் சாலையின் வழக்கம். கண்ணைத் தார் விளிம்பில் வைக்காமல், வளைவின் கடைசியில் எங்கே போக வேண்டுமோ அங்கே வையுங்கள், மோட்டார் கண் போகும் பக்கம் போகும்.

வழியில் ஓராங் அஸ்லி பூர்வகுடிகளின் கிராமங்கள், பெத்தாய், டுரியான் விற்கும் பந்தல்கள். பிள்ளைகளும் நாய்களும் சட்டென்று குறுக்கே வரும். லாத்தா இஸ்கந்தார் அருவியில் நிறுத்துங்கள், அங்கே வண்டி நிறுத்த இடமுண்டு, எஞ்சினும் ஆறும். அடுத்த நிறுத்தம் ரிங்லெட். பின்னால் கார் சேர்ந்துவிட்டால் குழு முழுவதும் அகலமான இடத்தில் ஒதுங்கி வழி விடுங்கள். பின்னால் ஒட்டிக்கொண்டு வரும் காரின் பயத்தில்தான் புதியவர் தவறு செய்வார்.

ரிங்லெட்டுக்கு மேல் தேயிலை தெரியும். 1929இல் தொடங்கிய 'போ' (BOH), 1933இல் தொடங்கிய 'பாரத்' என்ற இரண்டு தேயிலைத் தோட்டங்களின் பச்சை மலைகளும் இந்தப் பக்கம்தான். படம் எடுக்கச் சாலையோரத்தில் வரிசையாக நிறுத்துவதை அனுமதிக்காதீர்கள், கடைகள் உள்ள நிறுத்துமிடத்துக்கே போங்கள். தானா ராத்தாவில் வாழையிலைச் சாப்பாடு கிடைக்கும், புரட்டாசி மாதம் போனாலும் கவலையில்லை. அறை முன்பதிவு செய்யும்போது மோட்டார் நிறுத்த உள்ளே இடம் உண்டா என்று கேளுங்கள்.

மூன்றாம் நாள்: சிம்பாங் பூலாய் இறக்கம்

எட்டரைக்குள் கிளம்பினால் பிரிஞ்சாங், கியா ஃபார்ம் சந்தைக் கூட்டத்துக்கு முன் தப்பிவிடலாம். காய்கறித் தோட்டங்களின் சேறு சாலையில் இருக்கும். கம்போங் ராஜாவில் பிரேக், காற்று, செயின் மூன்றையும் பாருங்கள். அதற்குப் பிறகு 55 கிலோமீட்டர் அளவுக்குப் பட்டறையும் இல்லை, பெட்ரோலை நம்பவும் முடியாது, பல வளைவுகளில் போன் சிக்னலும் விழும். 'யாராவது பின்தங்கினால் ஸ்வீப்பர் அவரோடு நிற்பார், மற்றவர்கள் அடுத்த அகலமான இடத்தில் காத்திருப்பார்கள்' என்று இங்கேயே சொல்லி வையுங்கள்.

இறங்கும் வேகத்தை எஞ்சினே பிடிக்க வேண்டும். ஏறும்போது எந்தக் கியர் தேவைப்படுமோ அதே கியரில் இறங்கினால் சரியாக இருக்கும், பெரும்பாலும் மூன்று. பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுகிறவரைக் கண்டால் உடனே நிறுத்துங்கள். பிரேக்கைத் தொடர்ந்து லேசாகப் பிடித்தபடியே வருவதுதான் சூட்டுக்குக் காரணம். அழுத்தமாகப் பிடித்து வேகத்தைக் குறைத்து, முழுதாக விட்டுவிட வேண்டும், அப்போதுதான் ஆறும். பிடி பஞ்சாக அமுங்கினாலோ கருகல் வாசனை வந்தாலோ ஓரம் கட்டி அரை மணி நேரம் ஆற விடுங்கள். சூடான டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றினால் வளைந்துவிடும்.

ஸ்கூட்டர் ஓட்டுகிறவருக்குத் தனிப் பாடம். ஆக்ஸிலேட்டரை முழுக்க விட்டு வேகம் மிகக் குறைந்தால் அதன் கிளட்ச் பிரிந்து, வண்டி வெறும் மிதிவண்டி போலத் தானாக உருளத் தொடங்கும். லேசாக ஒரு முறுக்கு கொடுத்தால் மறுபடி பிடித்துக்கொள்ளும். ஆர்.எக்ஸ்.இசட் (RXZ) போன்ற இரண்டு ஸ்ட்ரோக் வண்டிக்கு வேறு ஆபத்து: எஞ்சினுக்குப் போகும் எண்ணெய் ஆக்ஸிலேட்டரைப் பொறுத்தது. மூடியபடியே நெடுந்தூரம் உயர் சுழற்சியில் இறங்கினால் பிஸ்டன் வறண்டு இறுகிவிடும். சில விநாடிக்கு ஒருமுறை கிளட்ச் பிடித்து ஒரு முறுக்கு கொடுக்கச் சொல்லுங்கள்.

மூடுபனி வந்தால் தாழ்ந்த விளக்கு, உயர்ந்த விளக்கு வெள்ளைச் சுவர் மாதிரி திருப்பி அடிக்கும். இடது ஓர வெள்ளைக் கோட்டைப் பார்த்து 30இல் போங்கள். சரிவோரம் புதிதாகக் கூழாங்கல்லும் ஈர மண்ணும் கிடந்தால் மேலே மண் அசைகிறது, அங்கே நிற்காதீர்கள். இரவு முழுவதும் மழை கொட்டியிருந்தால் கம்போங் ராஜாவிலேயே சாலை நிலவரம் கேட்டு, தேவைப்பட்டால் ஒரு நாள் தள்ளிப் போடுங்கள்.

சிம்பாங் பூலாய் அடிவாரத்தில் கல்லுடைக்கும் குவாரி லோரிகள், தாரில் பொடிக்கல். மலை முடிந்துவிட்டது என்று எல்லாரும் தளர்கிற இடம் அதுதான். ஈப்போவில் ஒரு தே தாரேக் குடித்துவிட்டு, கந்தான் பக்கத்து லோரிகளுக்கு நடுவே மறுபடி ஒழுங்காக வரிசை பிடித்து வாருங்கள்.

விழுந்துவிட்டால்

ஸ்வீப்பர் 50 முதல் 100 மீட்டர் பின்னால், வளைவுக்கு முன்னால் தெரியும்படி நின்று வண்டிகளை மெதுவாக்க வேண்டும். விழுந்தவர் மூச்சு விடுகிறார் என்றால் ஹெல்மெட்டைக் கழற்றாதீர்கள், உட்கார வைக்காதீர்கள், தண்ணீர் கொடுக்காதீர்கள். இரத்தம் வரும் இடத்தில் துணி வைத்து அழுத்துங்கள். 999 அழைத்து, சாலை எண்ணையும் பக்கத்துக் கிலோமீட்டர் கல்லில் உள்ள எண்ணையும் சொல்லுங்கள், 'ஒரு பெரிய வளைவு' என்று சொன்னால் யாருக்கும் புரியாது. சிக்னல் இல்லையென்றால் ஒருவர் மட்டும் கீழே போகட்டும். மலையில் தானா ராத்தாவின் சுல்தானா ஹாஜா கல்சோம் மருத்துவமனை, அடிவாரத்தில் தாப்பா, கடலோரத்தில் ஸ்ரீ மஞ்சோங், தெலுக் இந்தான், பெரிய காயத்துக்கு ஈப்போ. விபத்து நடந்த 24 மணி நேரத்துக்குள் போலீஸில் புகார் கொடுத்தாக வேண்டும், மோட்டாரை நகர்த்தும் முன் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

வீடு வந்த பிறகு

கடல் காற்றின் உப்பும் மலைச் சேறும் செயினில் சேர்ந்திருக்கும். மறுநாளே கழுவி, காய வைத்து, எண்ணெய் போடுங்கள். பிரேக் பேடை மறுபடி அளந்து பாருங்கள், மூன்று நாளில் எவ்வளவு தேய்ந்தது என்பதை வைத்து அடுத்த முறை யாரை எந்த இடத்தில் வைப்பது என்று முடிவு செய்யலாம்: பேட் அதிகம் தேய்ந்தவர் வளைவுக்கு வளைவு பிரேக்கில் கை வைத்தவர், அவரை வழிகாட்டிக்கு நேர் பின்னால் கொண்டு வாருங்கள்.